வெள்ளிப்பாறை மண், 1984

அக்டோபர் 14, 2024. திங்கள்

அவருடைய படிப்பறையில் கரையான். காலையில் வேலைக்கு வரும் முப்புடாதி புத்தக அலமாரியின் பின்னால் விளக்குமாற்றால் தட்டினாள். பின்பலகை மாவாக உதிர்ந்தது. அவர் போன பிறகு பதினோரு வருடமாக வாரம் ஒருமுறை அந்த அறையைத் துடைக்கச் சொல்லி நானே நின்று பார்த்திருக்கிறேன். முன்புறம் மட்டும்தான் துடைத்திருக்கிறோம்.

மருந்து அடிப்பவர்கள் அடுத்த மாதம் நான்காம் தேதிதான் வருவார்களாம். அதற்குள் அலமாரிகளை ஒவ்வொன்றாகக் காலி செய்ய வேண்டும். எண்பது வயதில் ஏணியில் ஏறக் கூடாது என்று மகன் ஆல்பன் கனடாவிலிருந்து உத்தரவு போடுகிறான். ஏணியில் ஏறவில்லை. முக்காலியில்தான் ஏறினேன்.

கீழ்த்தட்டில் கிடைத்தவை: பழைய தேர்வுத் தாள்கள், அட்டை கட்டிய ஓர் ஆய்வேடு, ஒரு தகரப் பெட்டி நிறைய மீன் தீவனப் பொட்டலங்கள், ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை, ஒரு பழுப்பு உறை. உறையின் மேல் அவருடைய கையெழுத்து: "வெள்ளிப்பாறை, மூன்றாம் சுனை, வண்டல். 12.5.1984."

நாங்கள் மீன் வளர்த்ததே இல்லை. கடைசிக் காலத்தில் அவருக்கு ஞாபகம் பிசகியிருக்க வேண்டும். பொட்டலங்களின் மேல் "செண்பகம் மீனகம், டவுன்" என்று ரப்பர் முத்திரை. எறிந்துவிடச் சொன்னேன். "நல்ல பாக்கெட்டா இருக்கேம்மா. நான் கோழிக்குப் போட்டுக்கிடுதேன்" என்று முப்புடாதி பெட்டியோடு எடுத்துப் போனாள்.

அக்டோபர் 15

உறையை எறியவில்லை. மேசை மேல் இருக்கிறது.

அக்டோபர் 17

அந்த மண்ணைப் பற்றி எழுதிவைப்பது நல்லது. எனக்குப் பிறகு யாராவது குப்பை என்று நினைக்கக்கூடும்.

மழை பெய்தால் வெள்ளிப்பாறையின் சுனைகளில் ஒரு விரற்கடை நீளத்தில், கண்ணாடி போன்ற உடலுடன், மல்லாந்தபடி நீந்தும் ஓர் உயிரினம் தோன்றும். இறாலுக்குத் தூரத்து உறவு. அந்த ஊர்க்காரர்கள் சுனைக்கூனி என்பார்கள். சுனை வற்றியதும் செத்துவிடும். முட்டைகள் வண்டலில் தங்கும். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு கரு பாதி வளர்ந்து நின்றிருக்கும். உடம்பின் நீரெல்லாம் போய், அந்த இடத்தில் ஒருவகைச் சர்க்கரை நிறைந்து, உள்ளே இருப்பவற்றை இருந்த இடத்திலேயே பிடித்துவைத்திருக்கும். மூச்சு இல்லை. இரை இல்லை. சித்திரை வெயிலில் பாறையோடு சேர்ந்து காயும். அடுத்த மழையில் பொரியும். மழை வராவிட்டால் காத்திருக்கும். எவ்வளவு காலம் என்பதுதான் கேள்வி.

"தூங்குது மிஸ்" என்று மாணவிகள் சொல்வார்கள். நான் திருத்துவேன். தூங்குகிறவருக்கு மூச்சு உண்டு, வயதும் ஏறும். இதற்கு இரண்டும் இல்லை. செத்தது என்று சொன்னாலும் தவறு. நான் முப்பது வருடம் விலங்கியல் கற்பித்திருக்கிறேன். இதற்குச் சரியான தமிழ்ச் சொல் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

அவர் ஆண்கள் கல்லூரியில் பேராசிரியர். நான் கன்னியர் நடத்திய பெண்கள் கல்லூரியில் துறைத்தலைவி. அவர் கொண்டுவந்த இந்த மண்ணில் பாதியை 1996இல் என் மாணவி ஒருத்திக்குக் கொடுத்தார். பெயர் வடிவு. பன்னிரண்டு வருடம் காய்ந்த மண்ணிலிருந்து கூனிகள் பொரிந்ததாக அவள் ஆய்வேடு எழுதினாள். நான் அதே மண்ணை வைத்துச் சோதித்தேன். ஒன்றும் பொரியவில்லை. ஆய்வேடு திருத்தத்துக்குத் திரும்பியது. அவள் படிப்பைத் தொடரவில்லை.

இன்று மாலை உறையிலிருந்து இருபது கிராம் எடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் இட்டு, கொதித்து ஆறிய நீர் ஊற்றினேன். கண்ணாடித் தட்டால் மூடி, தூசி விழாமல், மரக்கதவு போட்ட பீங்கான் பாத்திர அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். 1996இல் செய்தது போலவே. முறை மாறக் கூடாது.

அக்டோபர் 20, ஞாயிறு

பூசைக்குப் போய்வந்தேன். பிரசங்கம் நாற்பது நிமிடம். பத்து நிமிடத்துக்கான விஷயம்.

கிண்ணத்தில் ஒன்றுமில்லை.

ஆல்பன் பேசினான். விஷயத்தைச் சொன்னதும் உற்சாகமாகிவிட்டான். "மம்மி, இங்க ஒரு தவளை இருக்கு. குளிர்காலத்துல கல்லு மாதிரி உறைஞ்சு போகும். நெஞ்சுத்துடிப்பே இருக்காது. பனி உருகினா எழுந்து கத்தும். இதைப் பார்த்துட்டுத்தான் செத்தவங்களை உறைய வச்சுப் பாதுகாக்கிறாங்க, என்னைக்காவது எழுப்பலாம்னு. தூரக் கிரகத்துக்குப் போறவங்களைக்கூட இப்படித்தான் அனுப்பணும்ங்கிறாங்க."

"எழுந்து யாரைப் பார்க்கிறதுக்கு?" என்றேன். "தெரிஞ்சவங்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்களே."

"உங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு குறை, மம்மி" என்று சிரித்தான்.

தொலைபேசியை வைத்த பிறகும் யோசனை விடவில்லை. இரண்டு பேரை ஒரு வாக்குவாதத்தின் நடுவில் நிறுத்திவைத்து, நாற்பது வருடம் கழித்து எழுப்பினால், விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார்களா? அல்லது எதற்காகப் பேசிக்கொண்டிருந்தோம் என்று விழிப்பார்களா?

அக்டோபர் 24

எட்டாம் நாள். ஒன்றுமில்லை. எதிர்பார்த்ததுதான். 1996இல் என் முடிவு சரி. நேற்று நன்றாகத் தூங்கினேன்.

கிண்ணத்தைக் கவிழ்க்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 31

தீபாவளி. முப்புடாதிக்கு மூன்று நாள் விடுப்பு. எதிர்வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்தன. முறுக்கு பரவாயில்லை.

நவம்பர் 1

ஒன்றாம் தேதி. அவர் இருந்தவரை ஒவ்வொரு மாதமும் இந்த நாளில் பேருந்தில் டவுனுக்குப் போய்வருவார். பத்திரிகை வாங்கப் போகிறார் என்று நினைத்திருந்தேன். கையில் பத்திரிகையோடு திரும்பிய நினைவு இல்லை.

நவம்பர் 2. கல்லறைத் திருநாள்

மெழுகுதிரியும் சம்பங்கி மாலையும் கொண்டுபோனேன். கல்லில் அவருடைய பெயரின் நான்காவது எழுத்தில் புள்ளி தேய்ந்திருக்கிறது. ஆள் சொல்லிச் சரிசெய்ய வேண்டும்.

1996க்குப் பிறகு வீட்டில் அவர் குறைவாகத்தான் பேசினார். கோபமாக இல்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், கேட்டால் பதில் சொல்வார். வயதானால் ஆண்கள் அப்படித்தான் என்று எங்கள் கல்லூரி சிஸ்டர் கொலம்பா சொன்னார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 4, திங்கள்

மருந்து அடிப்பவர்கள் வந்தார்கள். படிப்பறையோடு பீங்கான் அலமாரிக்கும் அடிக்க வேண்டும் என்றார்கள். சாவியை முப்புடாதியிடம் கொடுத்துவிட்டு, மருந்து நெடி தாங்காமல் எதிர்வீட்டில் போய் உட்கார்ந்தேன். பாத்திரங்களையெல்லாம் அவள் மாடிப்படிக் கைப்பிடிச் சுவரில் பரப்பிவைத்துவிட்டாள். கிண்ணத்தையும்தான், மூடியில்லாமல், திறந்த வெளியில். மாலையில் தூறலும் விழுந்தது.

சத்தம் போட்டேன். "சேத்துத் தண்ணிக்கு இம்புட்டு கோவமாம்மா?" என்றாள். சோதனைதான் முடிந்துவிட்டதே, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 6

காலை ஏழு மணி. முப்புடாதி கிண்ணத்தோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"யம்மா, இதுல என்னமோ துள்ளுது. கொசுப்புழுவா இருக்கும். சாக்கடையில ஊத்திரட்டா?"

"ஊத்தாதே!" என்று கத்தினேன். அவள் பயந்து கிண்ணத்தைச் சாய்க்கப் பார்த்தாள். வாங்கி மேசையில் வைத்து, அவருடைய கைலென்சை எடுத்துப் பார்த்தேன்.

கொசுப்புழு இல்லை. கடுகில் பாதி இருக்கும். முன்னங்கால்களால் துழாவித் துழாவி நீந்துகின்றன. எண்ணினேன், நாற்பத்தொன்று.

நாற்பது வருடம்.

நவம்பர் 7

அவசரப்படக் கூடாது. திறந்த கிண்ணத்தில் எதுவும் விழுந்திருக்கலாம். தவிர, இரண்டு விஷயங்கள் ஒன்றாக மாறியிருக்கின்றன: மழைநீரும் வெளிச்சமும். எதனால் பொரிந்தன என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு மாணவி இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

மீதியிருந்த மண்ணை இரண்டாகப் பிரித்தேன். இரண்டு கிண்ணங்கள், இரண்டிலும் வடிகட்டிய மழைநீர், இரண்டுக்கும் கண்ணாடி மூடி. ஒன்று கிழக்கு ஜன்னலில். மற்றது அலமாரிக்குள், பூட்டி.

முப்புடாதி கிண்ணங்களைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். "கோயில் தீர்த்தம் மாதிரி வச்சிருக்கியளே" என்கிறாள்.

நவம்பர் 9

ஜன்னல் கிண்ணம்: இருபத்தாறு. அலமாரிக் கிண்ணம்: ஒன்றுகூட இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

காலையில் அலமாரிக் கிண்ணத்தையும் ஜன்னலுக்கு மாற்றினேன். பூசைக்குப் போகவில்லை. நாற்பது வருடத்தில் காய்ச்சல் இல்லாமல் தவறிய முதல் ஞாயிறு.

நவம்பர் 12

இரண்டாம் கிண்ணம்: இருபத்தொன்பது.

என் அலமாரிக்குள் அவை உயிரோடுதான் இருந்திருக்கின்றன. 1996இலும் இருந்திருக்கின்றன. தூசி படக் கூடாது என்று நான்தான் இருட்டில் பூட்டிவைத்தேன்.

அக்டோபர் 17ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். "ஆய்வேடு திருத்தத்துக்குத் திரும்பியது" என்று எழுதியிருக்கிறேன். அது உண்மையில்லை. வழிகாட்டி கையெழுத்திட வேண்டிய இடத்தில் நான் கையெழுத்திட மறுத்தேன். வழிகாட்டி நான்தான்.

அவள் கிண்ணத்தை ஆய்வகத்தில் வைக்காமல் விடுதி ஜன்னலில் வைத்திருந்தாள். அவள் ஊர் வெள்ளிப்பாறையின் அடிவாரம். கூனிகள் பொரிந்ததாகச் சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்பு ஊருக்குப் போய் வந்திருந்தாள். சுனையிலிருந்து உயிருள்ள கூனிகளை எடுத்துவந்து கிண்ணத்தில் விட்டிருக்கிறாள் என்று துறைக்கூட்டத்தில், எட்டுப் பேர் முன்னால் சொன்னேன். அறிக்கையில் "மோசடி" என்று எழுதினேன். அவளுக்குக் கொடுப்பதாக இருந்த விரிவுரையாளர் இடம் வேறொருத்திக்குப் போனது.

அழவில்லை அவள். "மிஸ், ஒரு தடவை ஜன்னல்ல வச்சுப் பாருங்க" என்றாள். ஆய்வகம் சமையலறை இல்லை என்று பதில் சொன்னேன். நல்ல பதில் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அவள் தகப்பனார் கல்குவாரியில் வேலை பார்த்தார். அதற்கும் என் சந்தேகத்துக்கும் தொடர்பில்லை என்று எழுத வந்தேன். எழுத முடியவில்லை.

நவம்பர் 13

மூன்று கிண்ணங்களுக்கும் ஈஸ்ட் கரைத்த நீர் இரண்டு சொட்டு. எனக்கு மோர் மட்டும்.

நவம்பர் 15

சிஸ்டர் கொலம்பாவைத் தொலைபேசியில் பிடித்தேன். தொண்ணூற்றொரு வயது, காது மந்தம், நினைவு மட்டும் கத்தி.

"வடிவா? எந்த வடிவு? செண்பகவடிவா? நீ சீட்டுக் கிழிச்சியே, அந்தப் பிள்ளையா?"

"ஆமா சிஸ்டர்."

"டவுன்ல மீன்கடை வச்சிருக்கா. கலர் மீன். தன் பேர்லயே கடை. எதுக்குக் கேக்கிற, பெர்னதெத்? இப்போ எதுக்கு?"

செண்பகம் மீனகம், டவுன்.

முப்புடாதியிடம் தகரப் பெட்டியைத் திருப்பிக் கேட்டேன். பாதிக்கு மேல் கோழிகளுக்குப் போய்விட்டது. மீதி ஐம்பத்து மூன்று பொட்டலங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில், சிறியதாக, அவர் தேதி போட்டிருக்கிறார். எல்லாம் ஒன்றாம் தேதி.

நவம்பர் 18, திங்கள்

போய்வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆட்டோக்காரர் இரண்டு சுற்று சுற்றித்தான் கடையைக் கண்டுபிடித்தார். ஒடுக்கமான கடை. இருபுறமும் கண்ணாடித் தொட்டிகள், காற்றுக்குமிழிச் சத்தம். உள்ளே ஒரு பெண், தலை பாதி நரைத்து, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டு, யாருக்கோ மீன் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வலையைத் தொட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"மிஸ்?"

பிறகுதான், எழுந்து நின்றதற்காகத் தன்மேலேயே கோபப்பட்டவள்போல முகம் மாறியது. ஆனாலும் உட்காரவில்லை. ஸ்டூலைத் துடைத்து என் பக்கம் நகர்த்தினாள். "உக்காருங்க. தனியாவா வந்தீய?"

சொல்ல வேண்டியதை நான்கு பத்திகளாக மனத்தில் வகுத்து வைத்திருந்தேன். பையிலிருந்து கூனிகள் நீந்தும் சிறு குப்பியை எடுத்து மேசையில் வைத்து, முதல் பத்தியைத் தொடங்கினேன். 1984ஆம் வருட மண், இரண்டு கிண்ணம், மழைநீர், எண்ணிக்கை. அவள் குப்பியை ஒருமுறை பார்த்தாள். அவ்வளவுதான்.

"இங்க வாங்க மிஸ்" என்று கடைக்குப் பின்னால் அழைத்துப் போனாள். வெயில் விழும் முற்றத்தில் ஏழெட்டு பிளாஸ்டிக் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் கூனிகள் மல்லாந்து நீந்திக்கொண்டிருந்தன.

"வாரம் ஒரு தொட்டி பொரிக்கேன். ஃபைட்டர் மீனுக்கு இதுக்கு மேல தீனி கிடையாது. காய வச்ச முட்டைய பாக்கெட் போட்டும் விக்கேன். இருபத்து மூணு வருசமா இதுதான் பொழப்பு."

"அப்போ உனக்கு..."

"எனக்கு அன்னைக்கே தெரியும் மிஸ். உங்களுக்குத்தான் தெரியல."

என்னிடம் இன்னும் மூன்று பத்திகள் இருந்தன.

"முதல்ல எங்க வச்சீய, இந்தத் தடவை?" என்று கேட்டாள்.

"அலமாரியில."

"பூட்டியா?"

"பூட்டித்தான்."

அவள் சிரித்தாள். கேலிதான், ஆனாலும் சிரிப்பு. "நீங்க மாறவே மாட்டீயளா? வெளிச்சம் பட்டாத்தான மிஸ் அதுக்குத் தெரியும், தண்ணி மேல இருக்கோம், சேத்துக்குள்ள புதைஞ்சு கிடக்கலன்னு. இருட்டுல பொரிச்சா செத்துல்லா போவும்."

பையிலிருந்து ஆய்வேட்டை எடுத்தேன். அவர் பத்திரப்படுத்தியிருந்த பிரதி. கையெழுத்துப் பக்கத்தைத் திறந்தேன். "வழிகாட்டி" என்ற சொல்லுக்கு மேலே கோடு காலியாக இருந்தது.

"வடிவு, நான் செஞ்சது தப்பு. பொய்யும்கூட. பார்க்காததைப் பார்த்த மாதிரி எட்டுப் பேர்கிட்ட சொன்னேன். இதுல கையெழுத்துப் போட்டுத் தர்றேன், கல்லூரிக்கும் எழுதுறேன். இதனால உனக்கு இப்போ என்ன பிரயோசனம்னு எனக்குத் தெரியல."

"ஒண்ணும் கிடையாது. அம்பத்தினாலு வயசுல எனக்கு எவன் வேலை குடுப்பான்?" அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க அப்பா எங்க போனாலும் சொல்லிக்கிட்டே இருப்பாவ, 'எம் மவ களவாண்டு எழுதல'ன்னு. யாரும் கேக்காமயே சொல்லுவாவ. டீக்கடையில, பஸ்ல. எனக்கு அவமானமா இருக்கும். சாகுற வருசம் வரைக்கும் சொன்னாவ." பிறகு, "போடுங்க" என்றாள்.

பேனாவைத் திறந்தேன். ஆய்வேட்டின் தேதி 1996 என்பதால் அதையே எழுதக் கை போனது.

"இன்னைய தேதி போடுங்க மிஸ். பழைய தேதி போட்டா அதுதான் மோசடி."

இன்றைய தேதியைப் போட்டேன். அவள் ஊதி மையைக் காயவைத்தாள்.

கிளம்பும்போது கேட்டுவிட்டேன். "சார் இங்கே வருவாரா?"

"ஒண்ணாந்தேதின்னா பத்து மணிக்கு வந்துருவாவ. ஒரு பாக்கெட் வாங்குவாவ, அந்த ஸ்டூல்ல உக்காந்து முற்றத்தைப் பாத்துக்கிட்டு இருப்பாவ. 'வீட்டுல மீன் வளக்கியளா சார்'னு ஒரு தடவை கேட்டேன். இல்லன்னாவ. 'மிஸ்க்குத் தெரியுமா, நீங்க இங்க வாரது'ன்னேன். 'கேட்டா சொல்லுவேன்'னாவ."

நவம்பர் 19

பத்து வருடத்துக்கு மேலாக, நூற்றிருபதுக்கும் அதிகமான ஒன்றாம் தேதிகள். எங்கே போய்வருகிறீர்கள் என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குள் எங்கோ தெரிந்திருக்க வேண்டும்.

நவம்பர் 25

கல்லூரிக்குக் கடிதம் அனுப்பியாயிற்று. மூன்று பக்கம். அந்த எட்டுப் பேரில் மூவர்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பிரதி அனுப்பினேன். "மோசடி" என்ற சொல்லை எழுதியது யார் என்று பெயரோடு குறிப்பிட்டிருக்கிறேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

பூசை முடிந்து நேராக டவுன். ஒரு பொட்டலம் வாங்கினேன். ஸ்டூல் அதே இடத்தில் இருந்தது. உட்கார்ந்து முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "டீ சொல்லட்டா மிஸ்?" என்றாள் வடிவு. சர்க்கரை கூடுதல். குறை சொல்லவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

கடைசிக் கூனி நேற்றுச் செத்தது. ஆறு வாரம்தான் அதன் ஆயுள். நாற்பது வருடம் காத்திருந்தது இந்த ஆறு வாரத்துக்கு. அதற்குள் முட்டை வைத்துவிட்டது. கைலென்சில் வண்டலின் மேல் தெரிகிறது.

கிறிஸ்துமஸ் குடில் வேலை இருக்கிறது. அதற்கு முன்னால் மூன்று கிண்ணங்களிலும் நீரை வடித்து, மாடியில் வைத்துக் காயவிட்டேன். முப்புடாதி காவல் இருந்தாள், காக்கை வராமல். "இது இனி எப்பம்மா முழிக்கும்?" என்றாள். யாராவது தண்ணீர் ஊற்றும்போது என்றேன். "அப்ப நாம இருப்பமா?" என்றாள். நாம் இருக்க மாட்டோம்.

மாலையில் மண்ணைச் சுரண்டிப் புதிய உறையில் இட்டேன். மேலே எழுதியது:

வெள்ளிப்பாறை, மூன்றாம் சுனை. சேகரித்தவர்: அருளப்பன், 1984. முதலில் பொரித்தவர்: செண்பகவடிவு, 1996. மறுபடி காயவைத்தது: 22.12.2024.

உறையை எங்கே வைப்பது என்று வெகுநேரம் நின்றேன். பிறகு பேனாவைத் திறந்து இன்னொரு வரி சேர்த்தேன்.

பிரிப்பவர் கவனத்துக்கு: வெளிச்சத்தில் வைக்கவும்.